ஆறரை மணிச் சீழ்க்கைகள்

வட நோர்வே
2 மார்ச் 1998

அன்புள்ள மதலேனா,

உமக்குக் கடைசியாக எழுதி இருபத்துமூன்று வருடம். நீர் பதில் எழுதாத அந்தக் கடிதத்தில் என்ன எழுதினேன் என்பது எனக்கே மறந்துவிட்டது. நீர் ஒட்டுசுட்டானில் பௌதிகம் படிப்பிக்கிறீர் என்று செட்டிகுளத்திலிருந்து அக்கா நாகேஸ்வரி எழுதியிருந்தார். விலாசமும் அவர் தந்ததுதான். வன்னிக்குக் கடிதம் போகுமா, போனால் எத்தனை மாதத்தில் போகும் என்று இங்கே யாருக்கும் தெரியாது.

நான் பனிக்குள் இருக்கும் ஒரு சிறிய ஆய்வு நிலையத்தில் இருக்கிறேன். எட்டுப் பேர். தமிழ் பேச வேண்டுமென்றால் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும். வேலை பழைய வேலைதான்: வானத்தின் சீழ்க்கைகளைக் கேட்பது. மின்னல் வெட்டும்போது எழும் வானொலி அலை பூமியின் காந்தப்புலக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு விண்வெளிக்குப் போய் மறுபக்கம் இறங்கும். உயர்ந்த மீடிறனில் அதிரும் அலை முந்தி வரும், தாழ்ந்தது பிந்தி வரும். காதில் அது மேலிருந்து கீழே வழுகும் ஒரு சீழ்க்கை. இதெல்லாம் உமக்கு நான் சொல்லித்தர வேண்டியவை அல்ல.

இப்போது நான் பார்ப்பது, அந்த அலைகள் போகிற வழியில் என்ன செய்கின்றன என்பதை. பூமியைச் சூழ்ந்த காந்தக்கோளத்துக்குள் அகப்பட்ட இலத்திரன்கள் வடக்குக்கும் தெற்குக்கும் ஓடி ஓடித் திரும்புகின்றன. அலை அவற்றைத் தட்டிச் சிதறடிக்கிறது. சிதறியவை திரும்பும் இடத்தைத் தவறவிட்டு வளிமண்டலத்துக்குள் விழுகின்றன. குளிர்காலத்தில் இங்கே தலைக்கு மேல் பச்சையாக எரிவதில் ஒரு பங்கு அப்படி விழுந்தவைதான். வியாழனைச் சுற்றும் விண்கலமும் அங்கே இதே கூத்து நடப்பதாகத் தகவல் அனுப்பிக்கொண்டிருக்கிறது.

எங்கள் சனமும் அந்த இலத்திரன்கள் போலத்தான் என்று சில வேளை நினைப்பேன். வடக்குக்கும் தெற்குக்கும் ஓடித் திரும்பி, எந்த அலை எப்போது தட்டும் என்று தெரியாமல்.

ஒரு கேள்வி. 1974இல், பல்கலைக்கழகப் பௌதிகக் கட்டடத்தின் கூரைக்கும் மரத்துக்கும் இடையில் கம்பி கட்டி நாம் கேட்ட அந்த ஒற்றைச் சீழ்க்கை. அதைப் பற்றிய குறிப்பு ஏதும் உம்மிடம் இருக்கிறதா?

ஜனார்த்தனன்


ஒட்டுசுட்டான்
19 ஏப்ரல் 1998

திரு. ஜனார்த்தனன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம், யாரோ பிரித்து வாசித்துத் திரும்ப ஒட்டிய நிலையில், நேற்றுக் கிடைத்தது. வாசித்தவருக்கு இலத்திரன்களைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்கும்.

குறிப்பு இல்லை. 1990இல் முல்லைத்தீவுக் கரையை விட்டு ஓடி வந்தபோது அண்ணன் மரியநேசன் வலையை எடுத்தார், நான் சான்றிதழ்களை எடுத்தேன். வலையாவது குளத்தில் பயன்பட்டது.

குறிப்பு இருந்திருந்தாலும் அதில் ஒரு சொல்தான் இருந்திருக்கும்: இருக்கலாம். நீங்கள் காதுக்கருவியைத் தந்து "கேட்டதா?" என்று கேட்டபோது நான் சொன்னது அதுதான். நீங்கள் அச்சில் எழுதியது, "இருவரும் தெளிவாகக் கேட்டோம்." கீழே என் பெயர்.

எங்கள் நாடு காந்த மையக்கோட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. இங்கே புலக்கோடுகள் பாய் விரித்தாற்போல் தரைக்குச் சமாந்தரமாகப் போகின்றன. சீழ்க்கை இறங்கி வர வழியே இல்லை. வழியில்லாத இடத்தில் கேட்டது என்றால் அது பெரிய செய்தி. ஆகவே விரிவுரையாளர் வேலைக்கான நேர்முகத்தில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதைப் பற்றியதாக இருந்தது. தெளிவாகக் கேட்டீரா? தெரியாது என்றேன். தன் கட்டுரையையே தெரியாது என்கிறவளுக்கு யார் வேலை தருவார்கள்? நீங்கள் அப்போது வெளிநாட்டில் இருந்தீர்கள்.

என் பெயரை எடுத்துவிட்டு உங்கள் பெயரை மட்டும் போட்டிருந்தால் மறந்திருப்பேன். அது வழக்கமாக நடப்பது. நீங்கள் என் பெயரை நான் நிற்காத இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினீர்கள்.

ஆட்களை இலத்திரன்களோடு ஒப்பிட வேண்டாம். இலத்திரனுக்குத் தலைக்கு மேல் தறப்பாள் தேவையில்லை.

அலை இலத்திரனைத் "தட்டுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு தட்டில் ஒன்றும் ஆகாது. இலத்திரன் சுழலும் கதியோடு அலை ஒத்துப்போக வேண்டும். அந்தப் பரிவு நிபந்தனையைத் தாழ்ந்த அகலக்கோடுகளில் எப்படி நிறைவேற்றுகிறீர்கள்? பதில் வேண்டும் என்பதற்காகக் கேட்கவில்லை.

மதலேனா


வட நோர்வே
7 யூன் 1998

அன்புள்ள மதலேனா,

பதில் வேண்டாம் என்று நீர் கேட்கும் கேள்விக்குப் பதில் எழுதாவிட்டால் என்ன நடக்கும் என்று எனக்கு நினைவிருக்கிறது. பதில் இரண்டு பக்கம், தனித் தாளில். ஐந்தாவது சமன்பாட்டில் நீர் பிழை பிடிப்பீர்.

அந்த வசனம் என்னுடையது. உம்மைக் கேட்காமல் எழுதினேன். எனக்கு இருபத்தைந்து வயது, மூன்று நாளில் பயணம், "இருக்கலாம்" என்ற சொல்லை வைத்துக்கொண்டு யாரும் எந்த ஊருக்கும் போக முடியாது. இது விளக்கம். மன்னிப்பை எப்படி எழுதுவதென்று தெரிந்தால் அதையும் எழுதுவேன். நேர்முகத்தைப் பற்றி உமது கடிதம் வரும்வரை எனக்குத் தெரியாது.

இனி விஷயம். எங்கள் நிலையத்தில் ஒரு வருட ஆய்வாளர் இடம் ஒன்று பெப்ரவரியில் வெற்றிடமாகிறது. தெரிவுக்குழு நவம்பரில் கூடும். அலைகள் மையக்கோடுவரை கசிந்து வந்து அங்குள்ள இலத்திரன்களையும் சிதறடிக்கின்றன என்பது என் கணிப்பு. மையக்கோட்டிலிருந்து யாராவது நம்பத்தக்க ஒருவர் சீழ்க்கைகளைக் கேட்டு நாள், மணி, எண்ணிக்கை எழுதித் தந்தால், அந்த இடம் அவருக்குத்தான். அழைப்புக் கடிதம் இருந்தால் வன்னியை விட்டு வெளியேறப் பாஸ் எடுக்கலாம் என்று அக்கா சொல்கிறார். ஒன்றும் கேட்கவில்லை என்ற அறிக்கையும் அறிக்கைதான். ஆனால் குழு அதற்கு இடம் தராது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

விடியலை ஒட்டி ஒரு மணி நேரம், நீண்ட கம்பி, ஒரு பெருக்கி, ஒரு காதுக்கருவி. உம்மால் முடியுமா என்று கேட்கவில்லை. வர விரும்புகிறீரா? அதற்கு மட்டும் ஒரு வரி எழுதும்.

ஜனார்த்தனன்


ஒட்டுசுட்டான்
23 ஆகஸ்ட் 1998

ஜனார்த்தனன்,

பிழை ஐந்தாவதில் இல்லை. நான்காவதில். திருத்தித் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

கம்பி கட்டியாயிற்று. பள்ளிக்கூடத்தின் நீரிறைக்கும் மோட்டார் ஒன்று மின்சாரம் இல்லாமல் எட்டு வருடமாகக் கோழிக்கூட்டுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதன் செப்புச் சுருளை அவிழ்த்தோம். எனாமல் பூசிய கம்பி, இருநூற்று நாற்பது மீற்றர். எங்கள் வீட்டு வேம்பிலிருந்து குடியிருப்பின் வேலிகளை ஒட்டி, கடைசிப் பாலை மரம்வரை போகிறது.

இங்கே பற்றறிகளுக்குத் தடை. ஒவ்வொரு வீட்டிலும் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, கையால் பெடலைச் சுற்றி, டைனமோவில்தான் ரேடியோ கேட்கிறார்கள். நான் அப்படிச் செய்யவில்லை. பழைய மோட்டார் சைக்கிள் பற்றறி ஒன்றை அண்ணன் பின்னேரங்களில் மிதித்து நிரப்பித் தருகிறார். காலையில் டைனமோவைக் கழற்றிவிட்டுத்தான் காதுக்கருவியை மாட்டுகிறேன். டைனமோவின் இரைச்சலை வானத்தின் குரல் என்று எழுதும் ஆள் நான் இல்லை.

மூன்றாம் நாள் இயக்கத்து ஆட்கள் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து கம்பியைப் பார்த்தார்கள்.

"அக்கா, இது ஆரோட கதைக்கிற கம்பி?"

"ஒருத்தரோடயும் கதைக்காது. கேக்கிறது மட்டும்."

"என்னத்தைக் கேக்கும்?"

"மின்னலை."

"மின்னலைக் கேக்க என்னத்துக்கு அக்கா கம்பி? காது இருக்குத்தானே?"

அரை மணி நேரம் விளங்கப்படுத்தினேன். நம்பினார்கள் என்று சொல்ல மாட்டேன். அலுத்துப்போய்ப் போனார்கள்.

அண்ணனுக்கும் விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. மிதிக்கிறவர் அவர். இலத்திரன் என்றால் இறால் மாதிரியோ என்று கேட்டார். அது புலக்கோட்டைச் சுற்றிச் சுழன்றுகொண்டே ஓடும், முனையில் புலம் இறுகும்போது திரும்பி வரும், அலை அதன் சுழற்சியோடு ஒத்துப்போனால் மட்டும் திருப்பம் பிசகும் என்றேன்.

"அதைச் சொல்லன்," என்றார். "வள்ளத்தைக் கவிழ்க்கிறது பெரிய அலை இல்லை. வள்ளம் ஆடுற ஆட்டத்துக்கு ஒத்து வாற சின்ன அலைதான். ஒவ்வொரு தரமும் சரியிற பக்கமே தள்ளும். பத்தாந் தரம் தண்ணி உள்ளுக்கை. இதைப் படிக்கவோ உன்னைக் கம்பசுக்கு அனுப்பினது?"

உமது இரண்டு பக்கங்களைவிட அது தெளிவு.

ஆகஸ்ட் 11, காலை 6.30. (பழைய நேரம். அரசாங்கம் கடிகாரத்தை முன்னே தள்ளியதை இங்கே யாரும் ஏற்கவில்லை.) மேலிருந்து கீழே வழுகும் ஓர் ஒலி, இரண்டு விநாடி. சற்றுப் பொறுத்து இன்னொன்று. மறுநாளும் இரண்டு. அதற்கடுத்த நாள் மூன்று. பற்றறி மட்டும்தான் இணைப்பில் இருந்தது. அண்ணன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

இருக்கலாம். இப்போதைக்கு அந்தச் சொல்லோடு நிற்கிறேன்.

மதலேனா


ஒட்டுசுட்டான்
4 ஒக்டோபர் 1998

ஜனார்த்தனன்,

நாட்குறிப்பின் பிரதியும் ஒலிகளைப் பதிந்த ஒரு கசற்றும் தேவாலயப் பங்குச் சுவாமியிடம் கொடுத்து விடுகிறேன். வவுனியாவுக்குப் போகிறார். சோதனைச் சாவடியில் என்ன சொல்வாரோ தெரியாது.

செப்டம்பர் 20வரை நாளுக்கு மூன்று அல்லது நான்கு. 26இல் ஒன்பது. 27இல் பதினான்கு. 28இல் பதினேழு. 29இல் பதினாறு. இவ்வளவு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அந்த நாட்களில் மேற்கே இடைவிடாத சத்தம். கிளிநொச்சியில் சண்டை. இங்கே யாரும் ஓரிடத்தில் இருக்கவில்லை. சாமான்களைக் கட்டுவார்கள், அவிழ்ப்பார்கள், உலை வைக்கப் பானை தேடித் திரும்பவும் அவிழ்ப்பார்கள். ஐந்தாவது வீட்டு மாயாண்டியும் மனைவி வடிவம்மாவும் எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத்தில் அடி வாங்கி இங்கே வந்தவர்கள். வடிவம்மா மூட்டையின் மேலேயே உட்கார்ந்து சமைத்தார். நான் காலையில் ஒரு மணி நேரம் காதுக்கருவியோடு இருந்தேன். அந்த ஒரு மணி நேரத்தில் மட்டும் எனக்கு எங்கும் போகத் தோன்றவில்லை.

வருவதைப் பற்றிக் கேட்டிருந்தீர். இப்போது அதைப் பற்றி எழுத நேரம் இல்லை.

மதலேனா


வட நோர்வே
8 நவம்பர் 1998

அன்புள்ள மதலேனா,

கசற் வந்தது. சுவாமி எழுதிய துண்டுக் காகிதமும் உள்ளே இருந்தது: சாவடியில் போட்டுக் கேட்டார்களாம், ஒருவர் தலையை ஆட்டிவிட்டு "நாடா பழுது, வேற வாங்குங்க ஃபாதர்" என்று திருப்பித் தந்தாராம்.

செப்டம்பர் 25இல் பெரிய காந்தப்புயல். சூரியனிலிருந்து புறப்பட்டது வந்து காந்தக்கோளத்தை மோதிய நாள். இங்கே வானம் முழுக்கப் பச்சை. புயலுக்குப் பிறகு அலைகள் பெருகும், இலத்திரன்கள் சிதறும். உமது எண்ணிக்கை 26இல் ஏறத் தொடங்குகிறது! மதலேனா, புயல் நடந்தது உமக்குத் தெரியாது. தெரியாமல் எழுதிய எண்கள். இதைவிட நல்ல சாட்சி யாரும் தர முடியாது என்று குழுவில் சொன்னேன். ஏற்றுக்கொண்டார்கள். ஒலியைக் கோடுகளாகக் காட்டும் மீடிறன் படத்தைக் கூடக் கேட்கவில்லை, எண்ணிக்கையே போதும் என்றார்கள். படம் எடுத்தேன். நன்றாக இருக்கிறது.

சுருக்கக் குறிப்பில் உமது பெயரை முதலில் போட்டிருக்கிறேன். அழைப்புக் கடிதம் இதோடு இருக்கிறது. முத்திரை, கையெழுத்து எல்லாம் சரி. பெப்ரவரியில் பனி இடுப்பளவு இருக்கும். மேலங்கி அக்காவிடம் அனுப்புகிறேன்.

வருகிறீர்தானே? இந்த முறையாவது பதில் எழுதும்.

ஜனார்த்தனன்


ஒட்டுசுட்டான்
30 நவம்பர் 1998

ஜனார்த்தனன்,

அழைப்புக் கடிதத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன். காரணம் கீழே.

உமது கடிதம் வந்த அன்று, அங்கே வந்து பேச வேண்டியிருக்கும் என்று நினைத்து ஒரு வரைபு கீறினேன். எந்த நாள் என்று பார்க்காமல், எந்த நிமிடம் என்று மட்டும் குறித்தேன். நூற்று மூன்று நாட்களில் ஒலித்தவை எல்லாம் ஆறு இருபத்தொன்பதுக்கும் ஆறு முப்பத்தொன்றுக்கும் இடையில் ஒரே கொத்தாக விழுந்தன. மின்னலுக்கு மணிக்கூடு தெரியாது.

மறுநாள் காலை காதுக்கருவியை மாட்டவில்லை. ஆறு இருபதுக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஐந்தாவது வேலியில் ஓரிடத்தில் எனாமல் சுரண்டப்பட்டுச் செம்பு பளபளத்தது. அதில் ஒரு தூண்டில் முள் கொழுவியிருந்தது. முள்ளிலிருந்து ஒரு மெல்லிய கம்பி வேலிக்குள் போனது. உள்ளே வடிவம்மாவின் கவிழ்த்த சைக்கிள், மேலே ரேடியோ. மாயாண்டி பெடலைச் சுற்றிக்கொண்டிருந்தார். காலைத் தமிழ்ச் செய்தி. நான் நிற்பதை இருவரும் பார்க்கவில்லை. செய்தி முடிந்தது, மாயாண்டி கையை எடுத்தார், சக்கரம் மெல்ல மெல்லச் சுற்றி நின்றது. டைனமோவின் முனகல் மேலிருந்து கீழே வழுகி அடங்கியது. இரண்டு விநாடி.

என்னைக் கண்டதும் வடிவம்மா எழும்பிவிட்டார். "ஐயோ டீச்சர், கோவிச்சுக்காதீங்க. மரியநேசு அண்ணன்தான் முள்ளக் குடுத்து மாட்டிக்கங்கன்னாரு. ஒங்க கம்பியில மாட்டுனா சேதி கணீருன்னு வருது."

"எப்ப இருந்து?"

"ஆடிக் கடைசியிலருந்து. மொத நாங்களும் செல்வம் வீடும் மட்டுந்தான். கிளிநொச்சிச் சண்டையோட எல்லாரும் மாட்டிட்டாங்க."

மாயாண்டி கவலையோடு கேட்டார்: "டீச்சருக்கு கரண்டு கொறையுதுங்களா? நாங்க கொஞ்சமாத்தான் இழுக்கிறோம்."

பாலை மரம்வரை போய் எண்ணினேன். பதினேழு முள். செப்டம்பர் 28இல் பதினேழு ஒலி. எந்த வீட்டிலும் பிழை இல்லை. செய்தி முடிந்ததும் சக்கரத்தை விட்டார்கள், அவ்வளவுதான். பதினேழு டைனமோக்களின் ஒலியும் ஒன்றன்பின் ஒன்றாக என் கம்பிக்குள் வந்தது. என் டைனமோவைத்தான் நான் கழற்றினேன்.

அண்ணன் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"பதினேழு முள்ளும் உங்கடையோ?"

"இருவத்தஞ்சு குடுத்தனான். எட்டுச் சனம் இன்னும் கொழுவேல்லைப் போல."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"சொன்னால் வேண்டாம் எண்டிருப்பாய். கம்பி சும்மா வானத்தைப் பாத்துக்கொண்டு கிடந்தது. சனத்துக்குச் செய்தி கேக்கவேணும், எந்தப் பக்கம் ஓடுறதெண்டு தெரியவேணும். உனக்கு மேலையிருந்து வாறது வந்துகொண்டுதானே இருந்தது? நீ அதைக் கேட்டிட்டுச் சிரிச்சனி. கரையை விட்டு வந்தாப் பிறகு அண்டைக்குத்தான் சிரிச்சனி. பிறகு நான் என்னத்தைச் சொல்ல?"

உமது புயல் உண்மை. ஆனால் என் எண்ணிக்கை ஏறியது அதனால் அல்ல. சண்டை கிட்ட வந்தது, செய்தி கேட்கும் வீடுகள் கூடின. நான் மூன்றரை மாதம் அளந்தது அதைத்தான்.

திருத்தத்தைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். குழுவின் முன் என் பெயரில், ஒரு சொல்லும் மாற்றாமல் வாசியும்.

ஒரு கேள்வி. மீடிறன் படம் நன்றாக இருக்கிறது என்று எழுதினீர். சீழ்க்கை என்றால் ஒற்றைக் கோடு. டைனமோ என்றால் மடங்கு மீடிறன்களும் சேர்ந்து, ஏணிப்படி மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக வந்திருக்க வேண்டும். நீர் என்ன பார்த்தீர்?

இங்கிருந்தும் கிழக்கே போக வேண்டி வரும் என்கிறார்கள். பதிலைச் சுவாமிக்கு அனுப்பும்.

மதலேனா


வட நோர்வே
17 ஜனவரி 1999

மதலேனா,

ஐந்து கோடு. ஏணிப்படி மாதிரி.

கசற் வந்த அன்றே பார்த்தேன். டைனமோ என்று நினைக்கவில்லை, ஏதோ ஒரு இயந்திரம் என்று மட்டும் தெரிந்தது. படத்தை மேசைக்குள் வைத்துப் பூட்டினேன். கிளிநொச்சிச் செய்தியை இங்கே தொலைக்காட்சியில் இருபது விநாடி காட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் குழுவுக்குப் போனேன். உம்மை வெளியே எடுத்துவிட வேண்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று நினைத்தேன். இரண்டாம் முறையும் உமது பெயரை நீர் நிற்காத இடத்தில் நிறுத்தினேன். முதல் முறை எனக்காக. இந்த முறை உமக்காக என்று சொல்லிக்கொண்டேன். உமக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

உமது திருத்தத்தை 11ஆம் திகதி வாசித்தேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை. பிறகு மேசையைத் திறந்து படத்தையும் வைத்தேன். சுருக்கக் குறிப்பு விலக்கப்பட்டது. எனக்குக் கிடைத்த தண்டனையைப் பற்றி எழுதத் தேவையில்லை. வேலை இருக்கிறது, அறை சிறியது.

எங்கள் தலைவர் ஒரு வயதான பெண். அதிகம் பேச மாட்டார். உமது நிமிட வரைபை இரண்டு தரம் பார்த்தார். பதினேழு முள்ளையும் எண்ணியது யார் என்று கேட்டார். பிறகு, "இங்கே எத்தனை பேர் தங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நடந்திருக்கிறார்கள்?" என்று கேட்டார். இடத்தை அவர் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. ஏப்ரல்வரை திறந்து வைத்திருக்கிறார்.

என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: "அவர் வர விரும்புகிறாரா?" உமது கடிதங்கள் முழுவதையும் தேடினேன். எங்கும் இல்லை. தெரியாது என்றேன்.

ஒட்டுசுட்டான் இராணுவத்திடம் போய்விட்டது என்று அக்கா எழுதினார். நீர் எங்கே?

ஜனார்த்தனன்


புதுக்குடியிருப்பு
26 பெப்ரவரி 1999

ஜனார்த்தனன்,

டிசம்பர் முதல் வாரத்தில் கிளம்பினோம். இங்கே ஒரு பள்ளிக்கூடத்தின் பின்புறம், தறப்பாளுக்குக் கீழே. சுவாமி எங்களைத் தேடிப் பிடித்து உமது கடிதத்தைத் தந்தார். மாயாண்டி குடும்பம் பக்கத்துத் தறப்பாள்.

கிளம்பும் அன்று காலை அண்ணன் கம்பியை இறக்கிச் சுருட்டினார். சைக்கிளில் கட்ட இடமில்லை. பதினேழு துண்டாக வெட்டி, முள்ளோடு சேர்த்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தோம். இங்கே மரத்துக்கு மரம் அவை தொங்குகின்றன. காலையில் ஆறரைக்கு எல்லாச் சக்கரமும் நிற்பது காதுக்கருவி இல்லாமலே கேட்கிறது.

மேசைக்குள் படத்தைப் பூட்டியதற்காக உம்மைத் திட்டி நான்கு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

ஆகஸ்ட் 11, முதல் நாள். முதல் ஒலி வழுகி இறங்குவதற்குச் சற்று முன், மிக மெல்லியதாக ஒரு பெண் குரல். ஒரு சொல். "வணக்கம்." செய்தி வாசிப்பவர் முடிக்கும்போது சொல்வது. நான் கேட்டேன். ரேடியோ ஒன்று எங்கோ என் கம்பியைத் தொடுகிறது என்று அந்த நிமிடமே விளங்கியிருக்க வேண்டும். விளங்கியது. காதின் மயக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, 6.30, ஓர் ஒலி என்று மட்டும் எழுதினேன். அதன் பிறகும் நாலைந்து நாள் கேட்டது. எழுதவில்லை. நூற்று மூன்று நாள் கழித்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தவளைத்தான் உங்கள் தலைவர் மெச்சுகிறார். முதல் நாளே நடந்திருக்கலாம் என்பது அவருக்குத் தெரியாது.

1974இல் இருக்கலாம் என்றும் நேர்முகத்தில் தெரியாது என்றும் சொன்னதை இத்தனை வருடமும் ஒரு பதக்கம்போல் குத்திக்கொண்டு திரிந்தேன். உமக்குப் பயணம் வேண்டியிருந்தது, கேட்டது என்றீர். எனக்கு வேண்டியபோது நானும் அதைத்தான் செய்தேன். அன்று மரத்துக்கும் கூரைக்கும் இடையில் நாம் கேட்டது என்ன என்று எனக்கு இன்றும் தெரியாது. இனி அதை உமக்கு எதிராகச் சொல்ல மாட்டேன்.

இதற்கு முந்திய பந்தியையும் அதற்கு முந்தியதையும் உங்கள் தலைவருக்கு மொழிபெயர்த்து வாசியும். குரலை, "வணக்கம்" என்ற சொல்லை, நூற்று மூன்று நாளை, ஒன்றையும் விடாமல். அவர் கேட்ட கேள்விக்குப் பதிலை அதற்குப் பிறகு சொல்லும், முன்னால் சொல்ல வேண்டாம். கேட்டுவிட்டு அவர் வேறு ஆளைத் தேடினால் அது சரியான முடிவு.

பதில்: ஓம். வர விரும்புகிறேன். ஆகஸ்ட் 11 காலை ஆறரையிலிருந்து.

மதலேனா